குப்பைமேட்டில் நட்ட மரம்: சலீம் அலியின் பிற்காலம்

1947 ஆகஸ்டில் நாடு விடுதலை பெற்றபோது பம்பாய்ப் பறவையியலாளர் சலீம் அலிக்கு ஐம்பது வயது. நிரந்தர வேலை என்று அவருக்கு எதுவும் இல்லை. பல்கலைக்கழகப் பட்டம் கையில் இல்லாததால் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் பணி முன்பே நழுவியிருந்தது. மனைவி தெஹ்மினா 1939-இல் காலமான பிறகு, பாந்த்ராவின் பாலி ஹில்லில் அக்கா குடும்பத்தோடு வசித்தார். மற்றவர்கள் ஓய்வைப் பற்றி யோசிக்கும் அந்த வயதுக்குப் பிறகுதான் அவருடைய பெரும்பணி தொடங்கியது. அடுத்த நாற்பது ஆண்டுகளில் அவர் செய்தவற்றின் தடயங்கள் கோடியக்கரை உப்பளத்திலும், பரத்பூர் சதுப்பிலும், தாராவியின் எதிரே ஒரு பழைய குப்பைமேட்டிலும் இன்றும் இருக்கின்றன.

முற்பகுதி வாழ்க்கை பலமுறை எழுதப்பட்ட ஒன்று. 1896 நவம்பர் 12-இல் பம்பாயில் பிறந்தார். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து மாமா அமிருதீன் தய்யப்ஜி வீட்டில் வளர்ந்தார். பொம்மைத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்திய குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. அது என்ன பறவை என்று கேட்டு 1908-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனார். அங்கே செயலாளராக இருந்த மில்லர்ட் பையனுக்கு அலமாரிகளைத் திறந்து காட்டினார். பிறகு பர்மாவில் சில ஆண்டுகள், பெர்லினில் ஸ்ட்ரெஸ்மன் என்ற பேராசிரியரிடம் பயிற்சி, திரும்பியதும் வேலையின்மை. பம்பாய்க்கு எதிர்க்கரையிலுள்ள கிஹிம் கிராமத்தில் வெறுமனே இருந்த காலத்தில்தான் தூக்கணாங்குருவியை நாள்முழுதும் உட்கார்ந்து கவனித்தார். ஆண் கூட்டைப் பாதி பின்னி நிறுத்துகிறது. பெண் வந்து பார்த்து ஏற்றுக்கொண்டால்தான் கூடு முழுமை பெறுகிறது. முட்டையிட்டு அவள் அடைகாக்கத் தொடங்கியதும் ஆண் அடுத்த கூட்டுக்கு நார் கிழிக்கப் போய்விடுகிறது. 1930-இல் வெளியான இந்தக் கட்டுரைதான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. ஹைதராபாத், திருவிதாங்கூர், கொச்சி முதலிய சமஸ்தானங்களின் பறவைக் கணக்கெடுப்புகள் அடுத்து வந்தன. சம்பளம் வேண்டாம், முகாம் செலவு மட்டும் போதும் என்பதே அவர் வைத்த ஏற்பாடு. 1941-இல் வந்த ‘தி புக் ஆஃப் இந்தியன் பேர்ட்ஸ்’ படித்த குடும்பங்களுக்குள் பறவை பார்க்கும் பழக்கத்தைக் கொண்டுபோயிற்று. டேராடூன் சிறையில் நேரு அந்த நூலை வைத்திருந்தார். பிறகு அது நைனி சிறையில் இருந்த மகள் இந்திராவிடம் போய்ச் சேர்ந்தது. ஒரு பறவைப் புத்தகம் இரண்டு பிரதமர்களின் சிறைவாசத்தில் இடம்பெற்றதன் பலன் பின்னால் தெரிந்தது.

விடுதலையை ஒட்டி இயற்கை வரலாற்றுக் கழகம் தடுமாறியது. 1883 செப்டம்பர் 15-இல் எட்டுப் பேர் கூடித் தொடங்கிய கழகம் அது. வேட்டைக்காரர்கள், தோட்ட முதலாளிகள், படை அதிகாரிகள், வனத்துறையினர் என்று உறுப்பினரில் பெரும்பகுதி ஆங்கிலேயர். அவர்கள் கப்பலேறியதும் சந்தா குறைந்தது. காப்பாளராக நெடுங்காலம் இருந்த பிரேட்டரும் இங்கிலாந்து போய்விட்டார். பாடம் செய்த பல்லாயிரம் பறவை, பாலூட்டி மாதிரிகளையும் நூலகத்தையும் யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி எழுந்தது. சலீம் அலி நேருவுக்குக் கடிதம் எழுதினார்; நிதி வந்தது; கழகம் பிழைத்தது. கோட்டைப் பகுதியில், துறைமுகக் கப்பற்படைத் தளத்தின் லயன் கேட்டுக்கு எதிரே, ‘ஹார்ன்பில் ஹவுஸ்’ என்ற சொந்தக் கட்டடமும் 1960-களில் எழுந்தது. தொடக்க காலத்தில் கழக அலுவலகத்திலேயே பல்லாண்டு வாழ்ந்த ‘வில்லியம்’ என்ற இருவாச்சிப் பறவைதான் அந்தப் பெயருக்குக் காரணம்.

கழகத்தை மூடாமல் காத்ததைவிடப் பெரிய காரியம் அதன் குணத்தை மாற்றியது. பொழுதுபோக்காளர்களின் சங்கமாக இருந்ததைச் சம்பளம் பெறும் ஆய்வாளர்களின் நிறுவனமாக்கினார். பம்பாய்ப் பல்கலைக்கழகம் கழகத்தை முதுகலை ஆய்வு மையமாக ஏற்றது; பட்டமில்லாத மனிதர் பிறருக்குப் பட்டம் வாங்கித்தரும் வழிகாட்டியானார். தொடக்க மாணவர்களில் ஒருவரான வி. சி. அம்பேத்கருக்கு அமைந்த ஆய்வுப் பொருள், ஆசிரியருக்குப் புகழ் தந்த அதே தூக்கணாங்குருவி. நாகர்கோவில்காரரான ஜே. சி. டேனியல் 1950-இல் கழகத்தில் சேர்ந்தார்; காப்பாளராகி, பிறகு முதல் இயக்குநராகி, ஏறக்குறைய நாற்பது ஆண்டு அங்கேயே பணியாற்றினார். இந்திய ஊர்வன பற்றி அவர் எழுதிய நூல் 1983-இல் வந்தது. பம்பாய்த் தமிழர் என்றதும் மாட்டுங்காவின் அலுவலகக் குமாஸ்தாவும் தாராவியின் தோல் தொழிலாளியும் நினைவுக்கு வருகிற அளவுக்கு இந்த நாகர்கோவில்காரர் நினைவுக்கு வருவதில்லை. சலீம் அலி ஊர் ஊராகச் சுற்ற முடிந்ததில் கழகத்தின் அன்றாடச் சுமையைத் தாங்கிய இவருக்குப் பெரிய பங்குண்டு.

நேருவிடம் இருந்த செல்வாக்கு அடுத்துப் பயன்பட்டது பரத்பூரில். ராஜஸ்தானின் கேவலாதேவ் கானா, மகாராஜாவின் வாத்து வேட்டைக்காகவே வாய்க்கால் வெட்டி நீர் தேக்கிய சதுப்புநிலம். 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோவின் விருந்தில் ஒரே நாளில் 4,273 பறவைகள் சுடப்பட்டன. அது சலீம் அலியின் 42-ஆவது பிறந்தநாள் என்பது தற்செயல்தான். ஆனாலும் கண்ணில் படாமல் போவதில்லை. விடுதலைக்குப் பின் சதுப்பை வடித்து விளைநிலமாக்க வேண்டும் என்று சுற்றுக் கிராமத்தார் கோரினார்கள். நிலமில்லாதவர்களின் கோரிக்கை என்ற வகையில் அதில் நியாயம் இருந்தது. சலீம் அலி தில்லி வரை வாதாடி அதைத் தடுத்தார். 1956-இல் சதுப்பு பறவைச் சரணாலயமானது. இருந்தும் அரச குடும்பத்தின் வேட்டை உரிமை 1972 வரை நீடித்தது. 1980-களின் தொடக்கத்தில் தேசியப் பூங்கா, 1985-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடம் என்று அதன் தகுதி உயர்ந்தது.

பரத்பூரிலிருந்து கோடியக்கரைக்கு வந்த வழி சுற்றுவழி. 1957-இல் மைசூர் மாநிலத்தின் ஷிமோகா மாவட்டத்தில், கியாசனூர் காட்டில் குரங்குகள் கூட்டமாக மடிந்தன. மனிதர்களுக்கும் காய்ச்சல் தொற்றியது. உண்ணி பரப்பிய அந்தக் கிருமி, ரஷ்யக் காடுகளில் காணப்படும் ஒரு மூளைக்காய்ச்சல் கிருமிக்கு நெருங்கிய உறவு என்று தெரிந்ததும் ஒரு சந்தேகம் முளைத்தது: சைபீரியாவிலிருந்து வலசை வரும் பறவைகள் உண்ணியைச் சுமந்து வந்திருக்குமோ? உலக சுகாதார நிறுவனம் பணம் கொடுக்க, கழகம் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிடும் திட்டத்தைத் தொடங்கியது. அலுமினிய வளையத்தில் ஓர் எண்ணும், கண்டெடுத்தவர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவிக்கும்படியான வரியும் பொறிக்கப்பட்டன. இங்கே வளையமிட்ட பறவை சைபீரியாவில் பிடிபட்டால் அங்கிருந்து ஒரு கடிதம் வரும். இரண்டு இடங்களுக்கும் இடையே ஒரு கோடு போட முடியும். செயற்கைக்கோள் கருவி வரும்வரை வலசைப் பாதை அறிய இந்தியாவுக்கு இருந்த வழி பெரும்பாலும் இதுதான்.

வலைபோட உகந்த இடங்களுள் ஒன்றாக அமைந்தது வேதாரண்யத்தை அடுத்த கோடியக்கரை. கடல் நிலத்தை மடித்துத் திருப்பும் அந்த மூலையில் உள்ளான்களும் பூநாரைகளும் லட்சக்கணக்கில் இறங்கும். 1962 முதல் சலீம் அலி அதைத் தம் ஆய்வுக்களங்களில் ஒன்றாக வைத்துக்கொண்டார். 1967-இல் மாநில அரசு அங்கே சரணாலயம் அமைத்தது. 2002-இல் அது உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. கழகத்தின் வளையமிடும் பணி அங்கே தலைமுறை தாண்டித் தொடர்ந்தது, எஸ். பாலச்சந்திரன் போன்ற ஆய்வாளர்கள் தம் பணிக்காலத்தின் பெரும்பகுதியை அந்த உப்பளங்களில் கழித்தார்கள்.

இந்தத் திட்டம் சலீம் அலிக்குத் தலைவலியும் தந்தது. பிற்பாடு வந்த நிதியில் ஒரு பகுதி அமெரிக்கப் படைத்துறையின் நோய் ஆய்வுப் பிரிவிலிருந்து வந்தது. பனிப்போர்க் காலத்தில் இது போதாதா? பறவை வழியாகக் கிருமிப்போருக்கு ஒத்திகை நடக்கிறது என்று பத்திரிகைகள் எழுதின. 1970-களின் நடுவில் நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு வெளிநாட்டு நிதியிலான ஆய்வுகளை ஆராய்ந்தபோது கழகத்தின் பெயரும் அடிபட்டது. சலீம் அலி குற்றச்சாட்டை மறுத்தார். பணம் எங்கிருந்து வருகிறது என்பதைவிடப் பறவை எங்கிருந்து வருகிறது என்பதிலேயே அவர் கவனம் இருந்தது என்று சொன்னால் அது பாராட்டும் ஆகும், குறையும் ஆகும்.

இவ்வளவுக்கும் நடுவில்தான் பேரகராதி போன்ற அந்த நூல் உருவாயிற்று. அமெரிக்காவின் ஸ்மித்ஸோனியன் நிறுவனத்தின் தலைவரான டில்லன் ரிப்ளியோடு சேர்ந்து எழுதிய ‘ஹேண்ட்புக் ஆஃப் தி பேர்ட்ஸ் ஆஃப் இந்தியா அண்ட் பாகிஸ்தான்’ 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. முதல் தொகுதி வரும்போது சலீம் அலிக்கு எழுபத்தொரு வயது. ஒவ்வொரு பறவைக்கும் தோற்றம், வாழிடம், குரல், கூடு, முட்டை, இந்திய மொழிகளில் வழங்கும் பெயர் என்று ஒரே ஒழுங்கில் எழுதப்பட்ட நூல் அது. சமஸ்தானக் கணக்கெடுப்புகளில் சுட்டுச் சேகரித்த மாதிரிகளும் முகாம் விளக்கொளியில் எழுதிய குறிப்பேடுகளும் இல்லாவிட்டால் அது சாத்தியமில்லை. அறிவியலுக்காகப் பறவையைச் சுட்டதை அவர் மறைக்கவே இல்லை. உயிரிரக்கத்தால் காட்டைக் காக்க வந்தவர் அல்லர் அவர். எது எங்கே எத்தனை இருக்கிறது என்ற கணக்கு அழிந்துபோகிறதே என்ற கவலையில் வந்தவர். அஹிம்சை பேசும் நாட்டில் இந்தப் பேச்சு பலருக்கு உவப்பாக இல்லை.

அவர் கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை. கானமயிலைத் தேசியப் பறவையாக்க வேண்டும் என்றார். அழிவின் விளிம்பில் நின்ற பறவைக்கு அந்தப் பட்டம் காவலாகும் என்பது அவர் கணக்கு. 1963-இல் மயில் தேர்வாயிற்று. இன்று மயிலுக்குக் குறைவில்லை. கானமயில் இருநூறுக்கும் குறைவாகவே எஞ்சியிருக்கிறது. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டும் திட்டம் வந்தபோது, நேரில் போய்ப் பார்த்துத் திட்டத்தைக் கைவிடக் கோரியவர்களுள் அவரும் ஒருவர். எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் விஞ்ஞானிகளும் சேர்ந்து நடத்திய போராட்டம் அது. பிரதமர் இந்திரா திட்டத்தை நிறுத்தினார். 1984-இல் தேசியப் பூங்கா அறிவிப்பு வந்தது. உலக அளவில் கிடைத்த ஜே. பால் கெட்டி பரிசுத் தொகையை அவர் கழகத்துக்கே கொடுத்து இயற்கைப் பாதுகாப்பு நிதி ஒன்றை ஏற்படுத்தினார். 1958-இல் பத்மபூஷண், 1976-இல் பத்மவிபூஷண், 1985-இல் மாநிலங்களவை நியமன உறுப்பினர் பதவி என்று மரியாதைகள் வரிசையாக வந்தன. தன்வரலாறான ‘தி ஃபால் ஆஃப் எ ஸ்பாரோ’ 1985-இல் வெளியாயிற்று. சிறுவயதில் சுட்ட அந்தக் குருவிதான் தலைப்பில் இருப்பது.

தாராவிக்கு எதிரே, மித்தி ஆற்றங்கரையில், நகரத்தின் குப்பையைக் கொண்டுவந்து கொட்டிய மேடு ஒன்று 1970-களின் பிற்பகுதி வரை இருந்தது. கொட்டுவது நின்றதும் அந்த நிலத்தை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. இயற்கைப் பூங்கா ஆக்கலாம் என்ற யோசனையை உலக வனவிலங்கு நிதியத்தின் இந்தியக் கிளை முன்வைத்தது. மாநகர வட்டார வளர்ச்சி ஆணையம் பொறுப்பேற்றது. குப்பைக்கு மேல் மண் பரப்பி, 1983-இல் மரம் நடத் தொடங்கினார்கள். தொடங்கிவைத்தவர் சலீம் அலி. அப்போது அவருக்கு எண்பத்தாறு வயது. மேற்கே மாஹிம் கழிமுகத்தின் அலையாத்தி மரங்கள், தெற்கே தோல் பதனிடும் கூடங்களும் மண்பாண்டச் சூளைகளும் நெருக்கியடித்த தாராவி, நடுவே 37 ஏக்கர் நிலம். நெல்லைச் சீமையிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் பிழைக்க வந்து தாராவியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் ஒரே காடு இதுதான். 1994 ஏப்ரல் 22, புவி நாளன்று பூங்கா பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. மாஹிம் நேச்சர் பார்க் என்று ஊரார் சொல்லும் அந்த மஹாராஷ்டிரா இயற்கைப் பூங்காவில் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட வகைப் பறவைகள் பதிவாகியிருக்கின்றன. அவர் காத்த இடங்களிலெல்லாம் காடோ சதுப்போ முன்பே இருந்தது. இங்கே இருந்தது குப்பை மட்டும்.

புற்றுநோயோடு போராடிய சலீம் அலி 1987 ஜூன் 20 அன்று பம்பாயில் காலமானார். வயது தொண்ணூறு. அதற்கு முந்தைய ஆண்டு, எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக யார் கண்ணிலும் படாதிருந்த ஜெர்டன் கல்குருவியைக் கழகத்தின் ஆய்வாளர் பாரத் பூஷண் ஆந்திரத்தின் கடப்பை மாவட்டத்தில் மீண்டும் கண்டுபிடித்த செய்தி அவர் காதுக்கு எட்டியிருந்தது.

அவர் பெயர் பல இடங்களில் ஒட்டிக்கொண்டது. கேரளத்தின் தட்டேக்காட்டிலும் கோவாவின் சோராவ் தீவிலும் உள்ள சரணாலயங்கள் அவர் பெயரில் இருக்கின்றன. 1990-இல் கோவையை அடுத்த ஆனைகட்டி மலையடிவாரத்தில் சலீம் அலி பறவையியல் மையம் தொடங்கப்பட்டது. பரத்பூரில் கழகத்தின் தொடர் ஆய்வை நடத்திய வி. எஸ். விஜயன் அதன் முதல் இயக்குநர். தேனி மாவட்ட மேகமலையில் ஆங்கஸ் ஹட்டன் 1948-இல் பிடித்த வௌவால் ஒன்று, வேறு இனத்தின் பெயர்ச்சீட்டோடு கழகத்தின் அலமாரியில் கிடந்தது. தாய்லாந்து விஞ்ஞானி கிட்டி தோங்லோங்யா 1972-இல் அதைப் புதிய பேரினம் என்று கண்டறிந்து சலீம் அலியின் பெயரைச் சூட்டினார். பழைய மாதிரிகளை ஏன் பேணவேண்டும் என்று கேட்பவர்களுக்கு அந்த வௌவாலே பதில்.

பெயரைவிட ஆழமாகத் தங்கியது அவருடைய முறை. பரத்பூரே அதற்குச் சாட்சி. அங்கே எருமை மேய்ச்சலை நிறுத்தவேண்டும் என்று சலீம் அலி உறுதியாக இருந்தார். 1982-இல் அரசு தடை போட்டது. எதிர்த்துக் கூடிய கிராமத்தார்மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. அந்தப் பத்தாண்டில் கழகத்தின் ஆய்வாளர்களே அங்கே தொடர் ஆய்வு நடத்தினார்கள். முடிவு தலைகீழாக வந்தது. எருமை மேயாததால் நீரில் புல் அடர்ந்து மண்டியது. திறந்த நீர் குறைந்தது. மீனும் வாத்தும் குறைந்தன. மேய்ச்சலை அனுமதிப்பதே சதுப்புக்கு நல்லது என்று அவர்கள் எழுதினார்கள். அவர் இறந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் வந்த இறுதி அறிக்கை, அவருடைய நிலைப்பாட்டை அவர் வளர்த்த நிறுவனத்தின் கணக்காலேயே தவறென்று காட்டியது. செத்துப்போன கிராமத்தாருக்கு அது உதவவில்லை. ஆனால் வேலி போட்டு மக்களை வெளியேற்றினால் இயற்கை பிழைத்துவிடும் என்ற அந்தத் தலைமுறையின் நம்பிக்கை அசைந்தது இங்கேதான்.

அதே பரத்பூர்க் குறிப்பேடுகள் இன்னொரு பேரழிவையும் வெளிக்கொணர்ந்தன. கழகத்தின் விபு பிரகாஷ் எண்ணியபோது 1987–88-இல் அங்கே வெண்முதுகுப் பாறுக் கழுகுகள் 353 இணைகள் கூடு கட்டின. 1996–97-இல் அது 150 ஆகியிருந்தது. சில ஆண்டுகளில் ஒன்றும் மிஞ்சவில்லை. பழைய எண்ணிக்கை எழுதிவைக்கப்படாதிருந்தால், பாறுகள் குறைவதை ஊரார் உணர்ந்திருப்பார்களே தவிர யாரும் நிரூபித்திருக்க முடியாது. மாடுகளுக்கு வலிநிவாரணியாகப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்து, இறந்த மாட்டின் வழியே பாறுகளின் சிறுநீரகத்தைச் சிதைத்தது என்று 2004-இல் தெரியவந்தது. 2006-இல் இந்தியா அதன் கால்நடைப் பயன்பாட்டைத் தடைசெய்தது. மும்பையில் இந்த இழப்பை முதலில் அனுபவித்தவர்கள் பார்சிகள். இறந்தோர் உடலைப் பாறுகளுக்கு விடும், மலபார் ஹில்லில் உள்ள அவர்களின் அமைதிக் கோபுரங்களுக்கு வரப் பாறுகளே இல்லாமல் போயின.

மும்பையின் கிழக்குக் கரையில் செவ்ரி முதல் செம்பூரை ஒட்டிய மாஹுல், டிராம்பே வரை விரியும் சேற்றுவெளிக்கு 1990-களிலிருந்து ஆயிரக்கணக்கில் பூநாரைகள் வருகின்றன. 1945-இல் கட்ச் பாலையில் ஒட்டகமேறிப் போய் சலீம் அலி ஐந்து லட்சம் என்று மதிப்பிட்டவை பெரிய பூநாரைகள்; இங்கே வருபவற்றில் பெரும்பாலானவை அவற்றின் உறவினமான சிறிய பூநாரைகள். சுத்திகரிப்பு ஆலைகளின் புகைபோக்கிகளைப் பின்னணியாகக் கொண்டு அவை மேய்வதைக் காண ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் கூடுகிறது. தாணே கழிமுகம் 2015-இல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் ராம்சார் தகுதி பெற்றது. அவற்றின் காலில் வளையமிட்டு வரத்துப்போக்கை எழுதிவைப்பது ஹார்ன்பில் ஹவுஸ்காரர்களின் வேலையாக இருக்கிறது.

தாராவி மறுசீரமைப்புத் திட்டம் வந்தபோது, குப்பைமேட்டில் வளர்ந்த பூங்காவும் அதில் சேர்ந்துவிடுமோ என்ற அச்சம் எழுந்து, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. பூங்கா திட்டத்தில் இல்லை என்று அரசுத் தரப்பு அங்கே தெரிவித்தது.